தண்ணீரில் ‘மூழ்காதீர்கள்’ என்று கெட்டிலுக்கு எழுதலாமா? இம்மெர்ஸ், சப்மெர்ஜ்: பொருளும் வேரும்

புதுப்பேனா கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் ஊழியர் தங்குவிடுதி ஒன்றில் ஒட்டுவதற்கான பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்பவர்கள். ஆங்கில மூலத்தில் ‘இம்மெர்ஸ்’ இரண்டு இடத்திலும் ‘சப்மெர்ஜ்’ இரண்டு இடத்திலும் வருகின்றன. அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் ‘மூழ்கு, அமிழ்’ என்றுதான் இருக்கிறது. கைக்கு வந்த பழைய வரைவு இது:

கெட்டிலின் அடித்தட்டு: “தண்ணீரில் மூழ்காதீர்கள்.”

குழியில் தேங்கிய நீரை இறைக்கும் பம்பு: “பம்பு மூழ்கிய பிறகு சுவிட்சைப் போடவும்.”

வாக்கிடாக்கி: “1 மீட்டரில் 30 நிமிடம் மூழ்கலாம்.”

மழைநாளில் நடைபாதை: “மூழ்கிய வடிகால் மூடிகளைக் கவனிக்கவும்.”

நாலுமே காதில் உறுத்துகின்றன. ஏன் உறுத்துகின்றன என்று சொல்லத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொல்லுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா? தமிழில் எதை எங்கே வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வினைமுற்று எழுதியது:

முதல் வரியில் உள்ள பிழை சொல்லில் இல்லை, வினையின் வகையில் இருக்கிறது. ‘மூழ்கு’ தன்வினை. மூழ்குவது யாரோ அவரே மூழ்குகிறார். “தண்ணீரில் மூழ்காதீர்கள்” என்று கெட்டில் படத்துக்குக் கீழே போட்டால், படிக்கிறவரைத்தான் மூழ்க வேண்டாம் என்கிறோம். ஆங்கில ‘இம்மெர்ஸ்’ பிறவினை. ஒருவர் ஒன்றை எடுத்து நீருக்குள் இறக்குவதுதான் அதன் பொருள். கல் தானாக விழுந்து அடியில் போனால் அங்கே ‘இம்மெர்ஸ்’ வராது. ‘சப்மெர்ஜ்’ இரண்டு பக்கமும் நிற்கும்: நீர்மூழ்கிக் கப்பல் தானே சப்மெர்ஜ் ஆகும், வெள்ளம் சாலையை சப்மெர்ஜ் செய்யும். ஒரே உருவம், இரண்டு வேலை. தமிழில் அப்படி விட முடியாது, உருவமே மாற வேண்டும்.

அமிழ் – அமிழ்த்து. ஆழ் – ஆழ்த்து. மூழ்கு – மூழ்கடி. முங்கு – முக்கு. கடைசி இணையைக் கவனியுங்கள்: அடங்கு–அடக்கு, நீங்கு–நீக்கு வரிசைதான் இது. மெல்லெழுத்து வல்லெழுத்தாகும்போது தன்வினை பிறவினையாகிறது. இந்த ஒரு வாய்பாடு மனத்தில் இருந்தால் பாதிப் பிழை வராது.

இதில் ‘மூழ்கடி’யைக் கெட்டிலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் அழிவு இருக்கிறது. புயல் படகை மூழ்கடிக்கும், வெள்ளம் பயிரை மூழ்கடிக்கும். பாத்திரம் கழுவுகிறவர் எதையும் மூழ்கடிப்பதில்லை. ‘அமிழ்த்து’ நடுநிலையான, எழுத்துநடைச் சொல். ‘முக்கு’ வீட்டுச் சொல்: பிஸ்கட்டை டீயில் முக்குகிறோம், துணியை வாளியில் முக்குகிறோம். விடுதிச் சுவரில் ஒட்டுவதற்கு அதுதான் சரி. “அடித்தட்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது.” மதுரைக்காரர் ஆனாலும் தஞ்சாவூர்க்காரர் ஆனாலும் ஒரு பார்வையில் புரியும். ‘முக்கு’ என்றால் தெருமுனையும் உண்டு, சுமை தூக்கும்போது முக்குவதும் உண்டு. ஆனால் ‘தண்ணீரில்’ என்று முன்னால் வந்துவிட்டால் வேறெதுவும் நினைவுக்கு வராது.

‘தண்ணீர் படக் கூடாது’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். மூலம் தடுப்பது நீருக்குள் வைப்பதை மட்டும்தான். ஈரத்துணியால் துடைப்பதை அது தடுக்கவில்லை. தடையை நாம் இறுக்கினால், துடைக்கவே பயந்து அழுக்கோடு விட்டுவிடுவார்கள். மூலத்தில் இடம் கிடைத்தால் “ஈரத்துணியால் துடைத்தால் போதும்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அனுமதி கேளுங்கள்.

இனி ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு. ‘இம்’ என்பது உள்ளே. ‘சப்’ என்பது கீழே. ஒரு பொருளை இம்மெர்ஸ் செய்தால் அது திரவத்துக்குள் போயிருக்கிறது; எவ்வளவு என்பது தனிச் செய்தி. கழுத்தளவும் இருக்கலாம், நுனி மட்டும் இருக்கலாம். ஆய்வுக்கூட வெப்பமானியில் ‘பகுதி இம்மெர்ஷன்’ வகை ஒன்று உண்டு. தண்டில், பெரும்பாலும் 76 மில்லிமீட்டரில், ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரை திரவத்தில் இறக்கினால்தான் அளவு சரியாகக் காட்டும். கோட்டைத் தாண்டி இறக்கினாலும் பிழை, குறைத்தாலும் பிழை. அங்கே ‘மூழ்க வைக்கவும்’ என்று எழுதினால் மாணவர் முழுத் தண்டையும் உள்ளே விட்டுவிடுவார். “கோடு வரை அமிழ்த்தவும்” என்று எழுத வேண்டும். ‘சப்மெர்ஜ்’ என்றாலோ நீரின் மேற்பரப்பு தலைக்கு மேலே போயிருக்க வேண்டும். பாதி சப்மெர்ஜ் என்று சொல்வதானால் ஆங்கிலத்திலும் ‘பாதி’ என்று தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தனியொரு தமிழ் வினை சுமக்காது. ‘முழுவதும்’, ‘கோடு வரை’, ‘பாதியளவு’, ‘நீர்மட்டத்துக்குக் கீழே’ என்று அளவுச் சொல்லைப் பக்கத்தில் வையுங்கள். வினையைத் தேடி அலைவதைவிட அது நல்ல வழி.

---

வேர்ப்பலா எழுதியது:

வேர் ஒன்றுதான், புதுப்பேனா. லத்தீனில் ‘மெர்கெரே’ என்றால் முக்குதல், ஆழ்த்துதல். அதன் இறந்தகால எச்ச வடிவம் ‘மெர்சுஸ்’. ஆங்கிலம் ‘சப்மெர்ஜ்’ என்பதை வினையின் அடியிலிருந்து எடுத்தது. ‘இம்மெர்ஸ்’ என்பதை எச்சத்திலிருந்து எடுத்தது. ஒன்றில் ‘ஜ்’, இன்னொன்றில் ‘ஸ்’ வந்த காரணம் இவ்வளவுதான். ‘சப்மெர்ஜ்’ பெயர்ச்சொல்லாகும்போது ‘சப்மெர்ஷன்’ ஆவதும், பம்பு ‘சப்மெர்சிபிள்’ ஆவதும் அதே எச்சத்தின் வேலை. ‘இம்மெர்ஜ்’ என்றுகூட ஒரு சொல் இருந்தது. இப்போது வழக்கில் இல்லை.

‘மெர்ஜ்’ என்ற தனிச்சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் ‘கலத்தல்’ அன்று, ‘மூழ்குதல்’தான். சட்டக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, சிறிய உரிமை பெரிய உரிமைக்குள் மூழ்கி மறைவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். இரண்டு நிறுவனங்கள் இணைவதற்கு அந்தச் சொல் வந்தது அதற்குப் பிறகு. ‘இமெர்ஜ்’ என்றால் மூழ்கியது மேலே வருவது. ‘இமெர்ஜென்சி’ என்பது எதிர்பாராமல் மேலே கிளம்பிய ஒன்று. ஆம்புலன்ஸ் கேட்டு 995க்கு அழைக்கும் அவசரத்துக்கும் தண்ணீரில் முங்கி எழுவதற்கும் அடியில் ஒரே வினைதான் இருக்கிறது.

இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ‘மெர்கெரே’வுக்குச் சமஸ்கிருதத்தில் உறவுச்சொல் ‘மஜ்ஜதி’, அதாவது மூழ்குகிறது. லிதுவேனிய மொழியில் கழுவுவதைக் குறிக்கும் ‘மஸ்கோதி’யும் அதே குடும்பம். இந்த ‘மஜ்ஜ்’ அடியிலிருந்து வந்தது ‘மஜ்ஜனம்’, குளியல். அது தமிழுக்கு வந்து ‘மஞ்சனம்’ ஆனது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் திருமஞ்சனம் என்கிறோமே, நடராசருக்கு ஆனித் திருமஞ்சனம் என்கிறோமே, அந்த மஞ்சனம்தான். பிள்ளையார் சிலையை நீரில் கரைப்பதை ‘நிமஜ்ஜனம்’ என்று சிலர் சொல்வதும் அதே அடி. ஆக ‘இம்மெர்ஷன்’ என்ற சொல்லுக்கும் திருமஞ்சனத்துக்கும் தூரத்து உறவு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் வாங்கவில்லை. ஒரே பழைய வேரிலிருந்து ஒன்று லத்தீன் வழியாகவும் மற்றொன்று சமஸ்கிருதம் வழியாகவும் நடந்து வந்திருக்கின்றன. எனக்கு இந்தச் சொல்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘எலும்பு மஜ்ஜை’யை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஒலி ஒத்திருக்கிறது. ஆனால் அதை வேறு வேரோடுதான் அறிஞர்கள் சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் உறவுச்சொல் ‘மேரோ’.

பொருள் நகர்ந்த விதத்தையும் பாருங்கள். மஞ்சனம் என்பது அடியில் ‘மூழ்குதல்’. ஆனால் திருமஞ்சனத்தில் திருமேனியை நீருக்குள் இறக்குவதில்லை, மேலிருந்து ஊற்றுகிறோம். தனித்தமிழ் ‘முழுக்கு’ம் இதே பாதையில் போயிருக்கிறது. முழுகுவதிலிருந்து பிறந்த சொல், ஆனால் குடமுழுக்கில் கலசத்தின் மேல் நீர் ஊற்றப்படுகிறது. கத்தோலிக்கர் சொல்லும் ‘திருமுழுக்கு’ பெரும்பாலும் தலையில் நீர் ஊற்றுவதுதான். அதற்கான ஆங்கிலச் சொல் ‘பாப்டிசம்’, கிரேக்க ‘பாப்டிசெயின்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் முக்குதல் என்பதே பொருள். அந்தக் கிரேக்கச் சொல்லின் அடியான ‘பாப்டெயின்’ முக்குவதையும் குறிக்கும், சாயம் ஏற்றுவதையும் குறிக்கும். நம் ‘தோய்’ அச்சாக அப்படியே: துணியைத் தண்ணீரில் தோய்க்கிறோம், சாயத்திலும் தோய்க்கிறோம். இவற்றில் யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. தண்ணீரோடு மனிதருக்கு இருக்கும் வேலை ஒன்றாக இருப்பதால் சொல்லும் ஒன்றுபோல் நகர்கிறது.

பறவைக்கும் இது பொருந்தும். லத்தீனில் ‘மெர்குஸ்’ என்பது முங்கி மீன் பிடிக்கும் ஒரு நீர்ப்பறவை. ‘மெர்கான்சர்’ என்ற வாத்தின் பெயர் அதோடு பெருவாத்தைக் குறிக்கும் ‘ஆன்சர்’ என்ற லத்தீன் சொல் சேர்ந்து பிறந்தது. நம் ஊர்க் குளத்தில் சட்டென்று தலை மறைந்து வேறிடத்தில் எழும் சிறு பறவைக்கு முக்குளிப்பான் என்று பெயர்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பிளஞ்ச்’ (சட்டென்று நீருக்குள் பாய்தல்) என்பதன் அடியில் இருப்பது ஈயம், லத்தீன் ‘பிளம்பும்’. ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டிப் போட்ட ஈயக்குண்டு. ‘இனன்டேட்’டில் (வெள்ளத்தால் மூடுதல்) இருப்பது ‘உண்டா’, அலை. ‘சரவுண்ட்’ என்ற சொல்லுக்கும் அந்த அலைதான் வேர். முதலில் அதன் பொருள் நிரம்பி வழிதல், வெள்ளம் பரவுதல். பிறகுதான், ‘ரவுண்ட்’ என்ற சொல்லின் சாயல் ஏறி, சுற்றி வளைத்தல் ஆயிற்று. தமிழில் ‘ஊரை வெள்ளம் சூழ்ந்தது’ என்று இயல்பாகச் சொல்கிறோம். அந்தச் சொற்றொடரை எழுதும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

---

சம்ப்குழி எழுதியது:

பம்பு வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் சொல் தவறினால் பம்பும் போகும், ஆளும் போகலாம்.

“பம்பு மூழ்கிய பிறகு” என்றால் தளத்தில் இருப்பவர் காதில் விழுவது, ‘பம்பு தண்ணீரில் போய்விட்டது, கெட்டது நடந்துவிட்டது’ என்பதுதான். மூலம் சொல்வது நேர்மாறானது. இந்தப் பம்பு தண்ணீருக்குள் இருப்பதற்காகவே செய்தது. மோட்டார் அடைப்புள்ள உறைக்குள் இருக்கும். சூட்டை இழுத்துக்கொள்வது சுற்றியிருக்கும் தண்ணீர். நீர்மட்டம் இறங்கி மோட்டார் வெளியே தெரிந்தால் சூடு வெளியேற வழியில்லை. முதலில் வெப்பத் தடுப்பு சுவிட்ச் பம்பை நிறுத்தும். ஆறியதும் ஓடும், மறுபடி நிற்கும். இப்படியே விட்டால் தண்டைச் சுற்றியிருக்கும் சீல் கெட்டு, நீர் மோட்டாருக்குள் கசிந்து, மின்கசிவு வந்து, இஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். ‘பம்பு ஓடவில்லை, பிரேக்கர் அடிக்கடி விழுகிறது’ என்று வரும் புகார்களில் இது வழக்கமான காரணம்.

மேலே வைத்து உறிஞ்சும் பம்பு இருக்கும்போது இது ஏன் என்று கேட்பார்கள். உறிஞ்சுவதற்கு எல்லை உண்டு. காற்றழுத்தம் நீரைத் தள்ளக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் 7, 8 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. உள்ளே இறங்கிய பம்பு உறிஞ்ச வேண்டியதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. அதனால்தான் ஆழமான குழிக்கு அது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பம்பின் மோட்டார் பகுதி முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் ஓட்டவும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்தவும்.”

‘மூழ்கு’ வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே இந்த நான்கும் இருந்தால் நல்லது: கைப்பிடியில் கயிறு கட்டி இறக்க வேண்டும், மின்கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, சேற்றில் நேராக உட்கார வைக்காமல், துளையிட்ட வாளியிலோ கல்லின் மேலோ வைக்க வேண்டும், குழிக்குள் யாராவது இறங்குவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சில பம்புகளுக்கு மோட்டாரைச் சுற்றி நீர் ஓடும் உறை உண்டு. அவை பாதி நீரில்கூட ஓடும். ஆகவே மாதிரிக்கான கையேட்டைப் பார்க்காமல் ‘முழுவதும்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

பெயர் என்ன போடுவது? எழுத்தில் ‘நீர்மூழ்கிப் பம்பு’ சரிதான், புரியும். தளத்தில் எல்லோரும் சொல்வது சப்மெர்சிபிள். இரண்டையும் முதல் வரியில் ஒருமுறை சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

வாக்கிடாக்கி வரியும் ஆபத்தானது. அது, தூசியும் நீரும் உள்ளே புகாமையைக் குறிக்கும் ஐபி 67 என்ற தரத்தின் மொழி. கடைசி எண் 7 என்றால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் சோதித்ததில் கெடுக்கும் அளவுக்கு நீர் உள்ளே போகவில்லை என்று பொருள். எண் 8 என்றால் தொடர்ந்து நீருக்குள் இருக்கலாம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடல்நீர், சோப்புநீர், குளோரின் கலந்த நீச்சல்குள நீர் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கப்பல் பட்டறையில் இது முக்கியம். இன்னொன்று: 7 கிடைத்துவிட்டதால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 5, 6 எண்களுக்குரிய தனிச் சோதனை. ‘மூழ்கலாம்’ என்பது அனுமதி மாதிரி ஒலிக்கிறது. “தவறி நீரில் விழுந்தால் தாங்கும்: நல்ல தண்ணீர், 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் வரை” என்று எழுதுங்கள்.

---

புதுப்பேனா எழுதியது:

மூவருக்கும் நன்றி. திருமஞ்சனத்தை இங்கே சந்திப்பேன் என்று நினைக்கவேயில்லை.

இன்னும் இரண்டு ஐயம். அதே தொகுப்பில் நீச்சல்குளப் பாதுகாப்புப் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே ‘டிரௌன்’ வருகிறது. அதற்கும் பழைய வரைவில் ‘மூழ்கு’தான். அடுத்தது, வேறொரு பள்ளி வேலையில் ‘இம்மெர்ஷன் புரோகிராம்’ என்று வருகிறது. ‘மூழ்குதல் திட்டம்’ என்று போட மனம் வரவில்லை.

---

வினைமுற்று எழுதியது:

பொது ஆங்கிலத்தில் ஒருவர் டிரௌன் ஆனார் என்றால் இறந்துவிட்டார். தமிழில் ‘நீரில் மூழ்கினார்’ என்றால் இறப்பு உறுதியில்லை. “நீரில் மூழ்கியவரை மீட்டனர்” என்று தினமும் படிக்கிறோம். ஆகவே செய்திக்கு ‘நீரில் மூழ்கி இறந்தார்’ என்று முடித்தே எழுத வேண்டும். பாதி வாக்கியத்தில் விட்டால் குடும்பத்தார் படிக்கும்போது வீண் நம்பிக்கை கொடுத்துவிடும்.

ஆனால் மருத்துவ ஆங்கிலம் வேறு வழியில் போகிறது. 2002இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாட்டில் ஏற்றுக்கொண்ட வரையறையை உலகச் சுகாதார நிறுவனமும் பயன்படுத்துகிறது. அதன்படி டிரௌனிங் என்பது நீரில் அமிழ்ந்ததால் மூச்சுக்குத் தடை ஏற்படும் நிகழ்வு. முடிவு இறப்பாகவும் இருக்கலாம், பாதிப்போடு பிழைப்பதாகவும் இருக்கலாம், ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அந்த வரையறையிலேயே சப்மெர்ஷனும் இம்மெர்ஷனும் அடுத்தடுத்து வருகின்றன. முகமும் மூச்சுவழியும் நீருக்குக் கீழே போனால் சப்மெர்ஷன். உடல் மேலே மிதந்தாலும் அலை முகத்தில் அறைந்து மூச்சை அடைத்தால் இம்மெர்ஷன். நான் முதல் பதிலில் சொன்ன ‘உள்ளே’, ‘கீழே’ வேறுபாடு உயிர்காப்பில் வந்து நிற்கும் இடம் இது.

உங்கள் பக்கத்துக்கு இந்த மருத்துவப் பொருள்தான் பொருந்தும். தமிழில் ‘மூழ்கு’ அதற்கு ஆங்கிலத்தைவிட நன்றாகவே ஒத்துவருகிறது. தலைப்பில் “நீரில் மூழ்குவதைத் தடுப்போம்” என்று போடலாம். அறிகுறி வரியில் ‘மூச்சுத் திணறல்’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் சத்தமே இருக்காது. மூலத்தில் இந்தச் செய்தி இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

சொல்லின் வேர் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘டிரௌன்’ மெர்கெரே குடும்பம் இல்லை. அது ஜெர்மானிய மொழிக் குடும்பச் சொல். ‘டிரிங்க்’ என்ற குடித்தலோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

---

தோய்வு எழுதியது:

‘மூழ்குதல் திட்டம்’ வேண்டாம் என்று தோன்றியது சரி. தமிழில் ஒருவர் எதில் மூழ்குகிறார், எதில் ஆழ்கிறார், எதில் தோய்கிறார் என்பது பழக்கத்தால் நிலைத்துவிட்டது. வேலையில் மூழ்குவார், கடனில் மூழ்குவார், புத்தகத்தில் மூழ்குவார். சிந்தனையிலும் துயரத்திலும் உறக்கத்திலும் ஆழ்வார். மகிழ்ச்சியில் திளைப்பார். தமிழில் தோய்ந்தவர், இசையில் தோய்ந்தவர் என்போம். மூழ்கினால் மற்றதெல்லாம் மறந்துபோகும். ஆழ்ந்தால் அசைவு அடங்கும். தோய்ந்தால் நிறம் ஏறும், வெளியே வந்த பிறகும் இருக்கும். மொழிக் கல்விக்கு வேண்டியது அந்த நிறம்தான். ‘மொழித்தோய்வு’, ‘பண்பாட்டுத் தோய்வுப் பயணம்’ என்று எழுதுங்கள். (இறையன்பில் ஆழ்ந்தவர் ஆழ்வார் என்ற வழக்கமான விளக்கத்தையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.)

கல்வித் துறையில் இந்த இரண்டு ஆங்கிலச் சொல்லும் எதிரெதிராகவே நிற்கின்றன, அது தெரியாமல் மொழிபெயர்த்தால் கருத்தே தலைகீழாகிவிடும். இம்மெர்ஷன் கல்வி என்ற பெயர் பரவியது கனடாவின் கியூபெக் மாநிலத்தில், சென் லாம்பேர் என்ற ஊரில் 1965இல் தொடங்கிய பிரெஞ்சு வகுப்புகளிலிருந்து. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பாலர் வகுப்பு முதலே பிரெஞ்சு வழியாகப் படித்தார்கள். ஆசிரியருக்கு இரண்டு மொழியும் தெரியும், வகுப்பில் எல்லோரும் கற்பவர்களே, வீட்டுமொழிக்கு ஆபத்தில்லை. சப்மெர்ஷன் என்று கல்வியாளர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. சிறுபான்மை மொழி பேசும் பிள்ளையைப் பெரும்பான்மை மொழி வகுப்பில் எந்தத் துணையும் இல்லாமல் உட்காரவைப்பது. நீந்தத் தெரிந்தால் நீந்து, இல்லாவிட்டால் மூழ்கு. அங்கே வீட்டுமொழி மெல்ல மறையும்.

ஆகவே கல்விக் கட்டுரையில் இம்மெர்ஷனுக்குத் ‘தோய்வு’, சப்மெர்ஷனுக்கு ‘மூழ்கடிப்பு’. வினைமுற்று ‘மூழ்கடி’யில் அழிவு இருக்கிறது என்றார். இங்கே அந்த அழிவு வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆங்கிலமே பேசிப் பள்ளியில் மட்டும் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்களைக் கவனமாக ஆள வேண்டும். வாரத்தில் சில பாடவேளைத் தமிழைத் தோய்வு என்று அழைத்தால் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகும். துணியை நனைத்து எடுப்பது வேறு, தோய்ப்பது வேறு.

---

அடகுச்சீட்டு எழுதியது:

ஒரு பொருள் விட்டுப்போயிற்று. “நகை மூழ்கிவிட்டது” என்று சொல்வோமே. சிங்கப்பூரில் அடகு வைத்த பொருளை மீட்க 6 மாதத் தவணை. அதற்குள் மீட்காமலும் வட்டி கட்டிப் புதுப்பிக்காமலும் விட்டால் நகை மூழ்கும். தண்ணீரே இல்லாத மூழ்குதல்.

வேர்ப்பலா சொன்ன சட்ட ‘மெர்ஜர்’ இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வாடகைக்கு இருப்பவரே அந்த இடத்தின் முழு உரிமையை வாங்கினால், அவருடைய குத்தகை பெரிய உரிமைக்குள் மூழ்கி மறைந்துபோகும். இரண்டிலும் ஓர் உரிமை அடியில் போய்த் திரும்பி வராமல் நிற்கிறது. வேறுபாடு ஒன்றே: அங்கே உரியவருக்கு லாபம், இங்கே நட்டம். ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது இந்த ‘மூழ்கியது’ என்பதற்கு சப்மெர்ஜும் வராது, இம்மெர்ஸும் வராது. உரிமை இழப்பைக் குறிக்கும் ‘ஃபோர்ஃபிட்’ என்றுதான் எழுத வேண்டும்.

---

புதுப்பேனா எழுதியது:

திருத்திய வரிகள் இவை. பார்த்துச் சொல்லுங்கள்.

“கெட்டிலின் அடித்தட்டைத் தண்ணீரில் முக்க கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.” (இரண்டாவது வாக்கியத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.)

“நீர்மூழ்கிப் பம்பு (சப்மெர்சிபிள்): மோட்டார் பகுதி முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் ஓட்டவும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்தவும்.” கையேட்டைப் பார்த்தேன். உறையில்லாத வகைதான்.

“வாக்கிடாக்கி தவறி நீரில் விழுந்தால் தாங்கும்: நல்ல தண்ணீர், 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் வரை. கடல்நீருக்கு இது பொருந்தாது.”

“வெள்ளத்தில் மூழ்கிய வடிகால் மூடிகளைக் கவனிக்கவும்.”

---

வினைமுற்று எழுதியது:

முதல் வரியில் ‘முக்கக் கூடாது’, க் விட்டுப்போயிருக்கிறது. இரண்டும் மூன்றும் சரி.

நாலாவதை மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூடியை யாரும் ‘கவனிக்க’ முடியாது. தண்ணீர் கலங்கலாக ஓடும்போது மூடி இருக்கிறதா, வெள்ளம் தள்ளிவிட்டதா என்பதே தெரியாது. அதைத்தான் மூலம் எச்சரிக்கிறது. “நடைபாதையைத் தண்ணீர் மூடியிருந்தால் அதில் இறங்க வேண்டாம். அடியில் வடிகால் திறந்திருக்கலாம்.”

---

புதுப்பேனா எழுதியது:

மாற்றிவிட்டேன். இன்று மாலை அச்சுக்குப் போகிறது.